விருந்தில்லத்துச் சிறார்க்கு எதனைக் கொடுப்போம்?



அருகப் பெருமான் திருவடிகளை வணங்கி, இம்முறை ஒரு சிறிய செய்தியைப் பற்றிச் சிந்திக்கப் புகுகின்றோம். பயணம் செல்லும் பிள்ளையின் பெட்டியில் என்ன வைப்பது என்பதே அச்செய்தி. கேட்பதற்கு எளியது. ஆயினும் அதனை எண்ணத் தொடங்கியபோது, இல்லறத்தார்க்கு உரியவை என்று நாம் ஓதிவரும் அணுவிரதங்கள் ஒவ்வொன்றும் அப்பெட்டியின் அருகே வந்து நிற்கக் கண்டோம்.

17 வயது நிரம்பிய நம் பேர்த்தி, மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றின்படி ஓராண்டுக் காலம் அமெரிக்காவில் தங்கிப் படிக்க, சென்ற ஆடித் திங்களில் புறப்பட்டாள். அவள் தங்குவது விடுதியில் அன்று. முன்பின் அறியாத ஒரு குடும்பத்தினர் தம் இல்லத்தில் ஓர் அறையும், தாம் உண்ணும் இடத்தில் ஓர் இருக்கையும் அவளுக்கென ஒதுக்கினர். இத்தகைய பள்ளி மாணவர் திட்டங்களில் விருந்தளிக்கும் அமெரிக்கக் குடும்பத்தினர் அதற்கு ஊதியம் பெறுவதில்லை. அவ்வில்லத்தில் 9 வயதில் ஒரு பெண்ணும் 5 வயதில் ஒரு பையனும் உள்ளனர்.

"பாட்டி, அந்தக் குழந்தைகளுக்கு நம் ஊரிலிருந்து என்ன கொண்டுபோகட்டும்?" என்று பேர்த்தி கேட்டாள்.

பல்லாண்டுகள் வகுப்பறையிலும், பின்னர் ஆசிரியப் பயிற்சி நிறுவனத்திலும் வினாக்களோடே வாழ்ந்த நமக்கு, அவ்வினாவிற்கு உடனே விடை கூற நா எழவில்லை. காரணம் உண்டு. இதே வினாவிற்கு 1994ஆம் ஆண்டில் நாம் ஒருமுறை விடை கூறியிருக்கின்றோம். அவ்விடை பிழையாயிற்று. அதனை முதலில் உங்கள் முன் வைத்துவிடுகின்றோம்.

ஒரு பழைய பிழை

அவ்வாண்டில் நம் மகன் மேற்படிப்பின்பொருட்டு ஜெர்மனிக்குச் சென்றான். முதல் மூன்று திங்கள் ஒரு குடும்பத்தாரோடு தங்க ஏற்பாடாகியிருந்தது. அவர்களுக்கு 8 வயதில் ஒரு பெண் குழந்தை. சோழ நாட்டிலிருந்து செல்பவன் வெறுங்கையோடு செல்வதா என்று எண்ணினோம். கும்பகோணத்திற்குச் சென்று, பச்சை உடலும் அரக்குக் கரையுமாக ஒரு பட்டுப்பாவாடை வாங்கிக் கொடுத்தனுப்பினோம். பட்டு மங்கலம், பட்டு மதிப்பு என்று ஊரார் எண்ணுவதையே நாமும் எண்ணினோம். ஐயம் ஒன்றும் எழவில்லை.

ஆறு வாரம் கழித்து மகனின் கடிதம் வந்தது. அக்குழந்தை பாவாடையைக் கண்டு துள்ளி மகிழ்ந்ததாம். இரண்டு நாள் அதனைக் கழற்றவே இல்லையாம். மூன்றாம் நாள், "இந்த நூல் ஏன் இப்படி மின்னுகிறது? எந்தச் செடியிலிருந்து வருகிறது?" என்று கேட்டாளாம். சிறு வயது முதல் பாடசாலையில் அறநூல் பயின்றவன் அவன். பொய் கூற இயலவில்லை. கூட்டுக்குள் புழு உயிரோடு இருக்கும். அது அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வந்தால் இழை அறுந்துபோகும். ஆகவே அதற்கு முன்பே நீராவியிலோ வெப்பத்திலோ அதனைக் கொன்று இழையை எடுப்பர். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும் என்று உள்ளவாறே கூறிவிட்டான்.

குழந்தை அழவில்லை. பாவாடையைக் கழற்றி, மடித்து, வந்த பையிலேயே வைத்தாள். மறுநாள் காலை அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "இது உன் அம்மாவுக்குத் தெரியுமா?"

அன்பர்களே, நமக்குத் தெரியும். ஞாயிறுதோறும் நம் குழந்தைகளைக் கூட்டி வைத்து, நீரை வடிகட்டிப் பருகுக, பொழுது சாயுமுன் உண்க, எறும்பையும் மிதியாதே என்று கற்பித்தவர்களே நாம். தெரிந்தும் வாங்கினோம். அக்குழந்தையின் வினாவிற்கு அன்று நாம் விடை எழுதவில்லை.

இதனைக் கூறுவதால், பட்டு நெய்து வாழும் நம் தஞ்சை மாவட்டத்துக் குடும்பங்களைப் பழிப்பதாக எவரும் கருதற்க. அவர்தம் கைத்திறன் பெரிது, வறுமையும் பெரிது. நாம் கூறும் பழி நெய்த கைக்கு உரியதன்று. விரதம் ஏற்றிருந்தும் வாங்கிய நம் கைக்கே உரியது.

நான்கு அளவுகோல்கள்

உமாசுவாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தின் இறுதியில் தானத்தைப் பற்றிய விளக்கம் வருகின்றது. கொடுக்கும் முறை, கொடுக்கப்படும் பொருள், கொடுப்பவர், பெறுபவர் என்னும் நான்கின் வேறுபாட்டால் தானத்தின் பயனும் வேறுபடும் என்பது அதன் கருத்து. முனிவர்க்கு அளிக்கும் பாத்திரதானம் வேறு, விருந்தில்லத்துக் குழந்தைக்கு அளிக்கும் பொம்மை வேறு என்பதை நாம் அறிவோம். ஆயினும் பெரிய தராசில் நிறுத்தறியும் முறையைச் சிறு தராசிற்கும் கொள்ளலாமன்றோ? பேர்த்தியை அருகில் அமர்த்தி, அந்நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்து நோக்கினோம்.

பொருள்

தஞ்சை நகரின் கைவினைக் கடைகளில் கண்ணைக் கவரும் பொருள்கள் பல. அவற்றின் முன் நின்று நாம் கேட்ட முதல் வினா, "விலை என்ன?" என்பதன்று, "இது எதனால் ஆயது?" என்பதே.

சிறு மிருதங்கம் ஒன்றைப் பேர்த்தி விரும்பி எடுத்தாள். அதன் முகம் தோல். வைத்துவிட்டாள். சிறு வீணையை எடுத்தாள். முன்னாளில் வீணையின் அணிவேலைக்குத் தந்தமும் மான்கொம்பும் பயன்பட்டன. இன்று அவற்றிற்குப் பதில் பிளாஸ்டிக் வந்துவிட்டது. குற்றமில்லை, ஆனால் விளையாடும் குழந்தைக்கு அலமாரியில் வைத்துப் பார்க்கும் வீணையால் என்ன பயன்? பல்லாங்குழியை எடுத்தாள். 14 குழிகளோடு, மடித்து வைக்கத்தக்க நல்ல மரப்பலகை. உடன் ஒரு பை நிறையச் சோழி. சோழி என்பது ஈரறிவுயிர் ஒன்றின் ஓடு. கடைக்காரரிடம் பலகை மட்டும் போதும் என்றோம். அவர் குன்றிமணி தருவதாகச் சொன்னார். அழகிய விதைதான், ஆனால் கொடிய நஞ்சு உடையது. கடித்து விழுங்கினால் குழந்தையின் உயிருக்கே கேடு. அதனையும் மறுத்துக் கண்ணாடி மணிகளை வாங்கினோம். அவையும் வாயிற்குள் போகும் அளவினவாதலின், சிறுவன் தனியே இருக்கும்போது அவற்றை வெளியே வைத்தலாகாது என்று பேர்த்திக்குச் சொல்லி வைத்தோம்.

நெட்டி வேலைப்பாடு நம் மண்ணுக்கே உரியது. நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் வெண்ணிறத் தண்டினை மெல்லிய தாள்போல் சீவி, பெரிய கோயிலின் விமானம் முதலிய உருவங்களை ஒட்டிச் செய்வர். 2020இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பார்ப்பதற்குத் தந்தம் போலவே இருக்கும்; ஆனால் எந்த யானைக்கும் அதனால் துன்பமில்லை. அதனை எண்ணி மகிழ்ந்தோம். எனினும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அம்மெல்லிய பொருள் விமானப் பயணத்தையும் தாங்காது. ஐந்து வயதுப் பையனையும் தாங்காது.

இறுதியில் எடுத்துக்கொண்டவை இரண்டு தலையாட்டிப் பொம்மைகள். களிமண்ணும் காகிதக்கூழும் கொண்டு செய்து வண்ணம் தீட்டப்பட்டவை. அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் இருப்பதால் பொருளின் எடைமையம் தாழ்ந்து நிற்கின்றது. எப்பக்கம் சாய்த்தாலும் எழுந்து நிமிர்கின்றது. இதனை வகுப்பறையில் வைத்து அறிவியல் பாடம் நடத்தியிருக்கின்றோம். அறப்பாடமும் அதிலேயே உண்டு. உள்ளே கனமானது ஒன்று தாழ்ந்து நிற்குமாயின், வெளியே எவர் தட்டினும் மனிதன் வீழ்ந்து கிடக்கமாட்டான்.

பெறுபவர்

ஈதல் நம் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்வது அன்று. பெறுபவர்க்கு நன்மையாக அமைவது. ஆதலால் பெறுபவரை அறியாமல் பொருளைத் தேர்தல் ஆகாது.

தின்பண்டம் கொடுக்க எண்ணுவோர் பலர். பேர்த்தியும் எண்ணினாள். நிலக்கடலையும் முந்திரியும் சில குழந்தைகளுக்கு மூச்சையே நிறுத்திவிடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். ஆகவே முன்னதாகத் தாய்க்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்குமாறு சொன்னோம். சிறுவனுக்கு அத்தகைய ஒவ்வாமை உண்டு என்றே விடை வந்தது. கேளாமல் அனுப்பியிருந்தால் நம் அன்பே அவனுக்குத் தீங்காகியிருக்கும்.

காவிரி பாயும் நாட்டினர் என்பதற்கு அடையாளமாக ஒரு படி சீரகச் சம்பாவேனும் கொடுத்தனுப்ப வேண்டுமென்று அண்டை வீட்டார் வற்புறுத்தினர். கப்ரா வண்டு என்னும் தானியப்பூச்சி பரவும் என்ற அச்சத்தால், இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வரும் பயணிகள் அரிசி கொண்டுவருவதை 2011 முதல் அமெரிக்கா தடுத்துள்ளது. "ஒரு படிதானே, துணிக்கு நடுவே வைத்தால் எவர் காண்பர்?" என்றார் ஒருவர். அன்பர்களே, கள்ளாமை விரதத்திற்கு நேரும் குற்றங்களைக் கூறும் இடத்தில், அரசின் விதியைக் கடத்தலும் ஒரு குற்றமாக நம் ஆசாரியரால் எண்ணப்பட்டுள்ளது. விருந்தினர் நுழையும் நாட்டில் முதல் அடியையே கள்ளத்தோடு வைக்கலாமா? அரிசி வீட்டிலேயே நின்றது.

மற்றொருவர், தீர்த்தங்கரர் திருவுருவம் ஒன்றைக் கொடுத்தனுப்பலாமே என்றார். அவர் அன்பு உயர்ந்தது. ஆயினும் நாம் உடன்படவில்லை. வணங்கத்தக்கதை விளையாட்டுப் பொருள்களின் நடுவே வைப்பது நமக்கு ஏற்றதன்று. வேறொரு சமயத்தில் வளரும் குழந்தையின் கையில் கேளாமலே நம் சமயத்தைத் திணிப்பது அவர்க்கு ஏற்றதன்று. இங்கே நம் முன்னோர் காட்டிய வழி ஒன்றுண்டு. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ.வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணியைப் பயிலப் புகுந்தபோது சமண சமயக் கருத்துக்கள் விளங்காமல் இடர்ப்பட்டார். அவ்வூரில் வாழ்ந்த நம் சமயத்தவர் இல்லங்களுக்குச் சென்றார். சந்திரநாத செட்டியார் முதலியோர் அவர் கேட்டவற்றிற்கெல்லாம் மனமுவந்து விளக்கம் தந்தனர். அவர் சைவர்; இறுதிவரை சைவராகவே இருந்தார். அவரை மாற்ற எவரும் முயலவில்லை. 1887இல் சிந்தாமணி அச்சாகி வந்தது. அவர்கள் செய்தது சாத்திரதானம். கேட்டவர்க்குக் கேட்டதைக் கேட்ட அளவில் கொடுத்தனர். அதனால் தமிழுலகம் முழுவதும் பயன் பெற்றது.

முறை

நற்பொருளும் தீய முறையால் கெடும். அதிதிக்குப் பகுத்தளிக்கும் விரதத்தின் குற்றங்களுள் மாத்சரியம் என்று ஒன்று கூறப்படுகின்றது. பிறரினும் மிகுதியாகக் கொடுக்க வேண்டும் என்னும் போட்டியும் பொறாமையும் அது. வெளிநாடு செல்லும் பிள்ளைகளின் பெட்டிகளில் இக்குற்றம் மிகக் கனமாக ஏறி அமர்கின்றது. இன்னார் வீட்டுப் பெண் வெள்ளிக் குத்துவிளக்குக் கொண்டு சென்றாள், நாம் அதனினும் குறையலாமா என்று கடன்பட்டு வாங்குவோரை அறிவோம். விலையுயர்ந்த பொருளைப் பெறுபவர் மகிழ்வதில்லை. கைம்மாறு செய்ய வேண்டுமே என்று சுமைப்படுவர்.

வேறொரு பிழை இதனினும் நுட்பமானது. பரிசு கொடுத்தவுடன் விருந்தோம்பியவருக்குப் பட்ட கடன் தீர்ந்தது என்று எண்ணிவிடுதல். ஓராண்டு தரும் உணவுக்கும் அன்புக்கும் இரண்டு பொம்மைகளா ஈடு? அக்கடன் தீராதது, தீராமல் இருப்பதே நன்று. அது நம் வீட்டிற்கு வரும் அடுத்த விருந்தினர்க்கு நாம் செலுத்த வேண்டிய கடனாக நிற்கட்டும்.

ஆகவே பேர்த்திக்கு மூன்று சொன்னோம். இருவருக்கும் ஒரே அளவாகக் கொடு; மூத்தவள் சிறியவன் என்று விலையில் வேறுபாடு வேண்டா. கொடுத்தவுடன் அவர்கள் முகத்தைப் பார்த்து மகிழ்ச்சியைத் தேடாதே. கொடுத்த பின் அப்பொருள் உன்னுடையதன்று என்பதை மறவாதே.

கொடுப்பவர்

நான்கனுள் இதுவே அரியது. 1893இல் சிகாகோ நகரில் உலக சமயங்களின் மாநாடு கூடியபோது, ஆத்மாராம்ஜி என்னும் ஆசாரியர்க்கு அழைப்பு வந்தது. கடல் கடத்தல் துறவற நெறிக்குப் பொருந்தாமையால், தமக்கு மாற்றாக வீர்சந்த் ராகவ்ஜி காந்தி என்னும் இல்லறத்தாரை அனுப்பினார். அவருக்கு அப்போது வயது 29. அந்நாட்டில் பலர் இல்லங்களில் அமர்ந்து உரையாடினார். பின் இலண்டனிலும் சொற்பொழிவாற்றினார். அங்கே அவரிடம் கேட்ட ஹெர்பர்ட் வாரன் என்னும் ஆங்கிலேயர், தாம் எடுத்த குறிப்புகளைக் கொண்டு சமண சமயத்தைப் பற்றி 1912இல் ஒரு நூலே வெளியிட்டார். காந்தி அதற்குப் பதினோராண்டு முன்னரே, 1901இல், மறைந்துவிட்டார். அவர் அந்நாட்டினர்க்கு எப்பொருளைக் கொண்டு சென்றார் என்று நாம் கேட்பதில்லை. அவர் கொண்டு சென்றது தம்மையே.

பேர்த்தி தன் கையால் ஒன்று செய்து கொண்டுபோக விரும்பினாள். ஞான சௌபர் என்னும் பழைய விளையாட்டு நினைவிற்கு வந்தது. ஏணியும் பாம்பும் உள்ள, நம் பரமபத படத்தை ஒத்த விளையாட்டு அது. வடநாட்டுச் சமணர் வழங்கிய படத்தில் 84 கட்டங்கள் உண்டு. கீழே தீவினைகள், மேலே நல்வினைகள், உச்சியில் வீடுபேறு. இத்தகைய இந்திய விளையாட்டுகளே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்று, இன்று உலகெங்கும் குழந்தைகள் விளையாடும் பாம்பும் ஏணியும் ஆயின. வெள்ளைப் பருத்தித் துணியில் 84 கட்டங்களை அவள் வரைந்தாள். ஏணிகளை எளிதில் வரைந்துவிட்டாள். பாம்புகளின் தலையருகே என்ன எழுதுவது என்ற இடத்தில் எழுதுகோல் நின்றது.

"புலால் உண்ணுதல் என்று எழுதலாமா, பாட்டி?" என்றாள்.

அவள் உண்ணப்போகும் இல்லத்தார் புலால் உண்பவர். தனக்குப் புலாலும் முட்டையும் ஆகா என்பதை அவள் முன்பே எழுதித் தெரிவித்திருந்தாள். அவர்களும் அன்போடு ஏற்றிருந்தனர். அத்தகையோர் குழந்தைகளின் கையில், "உங்கள் தந்தை பாம்பின் வாயில் வீழ்ந்தவர்" என்று கூறும் படத்தைக் கொடுப்பதா? அகிம்சையைச் சொல்லப் புகுந்து அவர்கள் மனத்தைப் புண்படுத்துவதும் இம்சையே. நெடுநேரம் எண்ணினோம். பின், "அம்மா, பிறர் பிழையை எழுதாதே. பாம்புகளுக்கெல்லாம் நம் பிழைகளையே எழுது" என்றோம். அவள் தன்னுடையவற்றை எழுதினாள். சோம்பல் ஒன்று; தம்பியிடம் சொன்ன பொய் ஒன்று; சினம் ஒன்று. மிக நீண்ட பாம்பிற்கு மட்டும் நாம் ஒரு சொல் கொடுத்தோம்: பட்டு.

முடிவுரை

கரந்தை ஆதீசுவரர் ஜினாலயத்தில் வணங்கிப் பேர்த்தி புறப்பட்டாள். பல்லாங்குழி ஒன்று, பொம்மை இரண்டு, துணிப்படம் ஒன்று; அவ்வளவே. சென்ற முதல் வாரத்திலேயே சிறுவன் தன் பொம்மையைப் படியிலிருந்து உருட்டி உடைத்துவிட்டானாம். அஞ்சி ஒளிந்துகொண்டவனைத் தேடிப் பிடித்து, "அது உன்னுடையது, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை" என்று சொன்னாளாம். பொம்மையைக் கொடுத்தது பெரிதன்று. அச்சத்தை நீக்கினாளே, அபயதானம் என்பதன் ஒரு துளி அன்றோ அது?

அப்பெண் குழந்தையோ துணிப்படத்தை விரித்து, நீண்ட பாம்பின் அருகே எழுதியிருப்பது என்ன என்று கேட்டாளாம். பேர்த்தி 1994ஆம் ஆண்டுக் கதையைச் சொல்லியிருக்கின்றாள். முழுவதும் கேட்ட குழந்தை, "உன் பாட்டி அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதினார்களா?" என்றாளாம்.

தொலைபேசியில் அதனைக் கேட்டபோது நாம் மீண்டும் விடையின்றி நின்றோம்.

அண்மையில் தசலட்சண பருவம் நிறைவுற்றது. பொறுத்தருள வேண்டும் நன்னாளில், நம் மகனிடமிருந்து முகவரி பெற்று, அன்று 8 வயதுக் குழந்தையாய் இருந்து இன்று நடு வயதை எட்டியிருக்கும் அப்பெண்மணிக்கு ஒரு கடிதம் எழுதினோம். "தெரியும். தெரிந்தே வாங்கினோம். நீ அதனை மடித்து வைத்த பிறகு நாம் பட்டு வாங்கவில்லை. பொறுத்தருள்க" என்பதே அதன் சாரம். மகன் அதனை ஜெர்மன் மொழியில் பெயர்த்து அனுப்பினான். விடை இன்னும் வரவில்லை. வர வேண்டும் என்பதும் இல்லை.

அன்பர்களே, உங்கள் இல்லத்துப் பிள்ளைகளும் கடல் கடந்து செல்வர். பிறர் வீட்டுச் சோற்றை உண்பர். அவ்வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்க ஒரு பொருளை நாடிக் கடைக்குச் செல்வீர்கள். அப்போது, அக்குழந்தை இப்பொருளைக் கையில் ஏந்தி, "இது எப்படி வந்தது?" என்று கேட்டால் நம் பிள்ளை தயங்காது உண்மை கூற இயலுமா என்று மட்டும் எண்ணுங்கள். இயலுமாயின், அது ஒரு காகிதப் படகாயினும் கொடுங்கள். இயலாதாயின், அது பொன்னாயினும் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

எல்லா உயிர்களும் அச்சமின்றி வாழ்க! நல்லறம் வளர்க!